பூவம்மா ஊதிய மூன்று துண்டு

வாயில் குழல் இருக்கும்போதே, குழலோடு சேர்த்துக் கோதண்டத்தின் முகத்தில் குத்தியவன் மேஸ்திரி பொன்னுரங்கம். அந்த ஒரு குத்தில் முன்பற்கள் மூன்று போயின. தகரக் குழலின் விளிம்பு நாக்கின் நுனியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கப்பலின் மேல்தட்டில் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு சுருண்டு கிடந்தவனைச் சுட்டிக்காட்டி, "இவன்தான்! இவன் தப்பா ஊதித்தான் மஜீது செத்தான்!" என்று கூவினான் பொன்னுரங்கம். கூடியிருந்த கூலியாட்களில் நாலு பேர் அதை நம்பினார்கள். ஆளுக்கு இரண்டு உதை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இது நடந்தது 1951ஆம் வருஷம் மாசி மாதம், சென்னைத் துறைமுகத்தில். மூன்றே நாளில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கோதண்டத்துக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. கொலைகாரன்!

பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. வாய் இருந்தவள் அவன் மனைவி பூவம்மா ஒருத்திதான்.

பூவம்மா திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவள். கோதண்டத்தைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்த நாளிலிருந்து கூடை மீன் விற்கிறவள். "மீனோ... வஞ்சிரம் மீனோ..." என்று அவள் ஒரு தெருவில் குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவில் சட்டி கழுவுவார்கள். அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, எங்கேயும் அறுபடாமல் நீண்டுகொண்டே போகும் குரல் அது. பிள்ளை இல்லை. இருந்த செல்வமெல்லாம் அந்தக் குரலும் கோதண்டமும்தான்.

கோதண்டத்தின் வேலை, கப்பலில் சைகை கொடுப்பது. சரக்கைத் தூக்கி இறக்கும் நீராவி எந்திரத்துக்கு வின்ச் என்று பெயர். அதை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. மேல்தட்டில் உள்ள திறப்பின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மற்றவர்கள் தூக்குவதற்கு "ஆவேஸ்" என்றும் இறக்குவதற்கு "ஆரியா" என்றும் தொண்டை கிழியக் கத்துவார்கள். கோதண்டத்துக்குக் கீச்சுக் குரல். யுத்த காலத்தில் அயர்லாந்துக் கப்பல்காரன் ஒருவன் ஆறு துளை வைத்த தகரக் குழல் ஒன்றை அவனுக்குக் கொடுத்து, ஊதவும் கற்றுத்தந்துவிட்டுப் போனான். அதையே கோதண்டம் தன் குரலாக்கிக்கொண்டான். கீழிருந்து மேலே ஏறும் இரண்டு சுரம் என்றால் தூக்கு. நீளமாக ஒன்று என்றால் இறக்கு. அதே சுரத்தை நாக்கால் மூன்று துண்டாக வெட்டினால் நிறுத்து. வின்ச் ஓட்டும் கருணாகரனும் அவனும் எட்டு வருஷம் இந்தப் பாஷையில்தான் பேசிக்கொண்டார்கள். எட்டு வருஷத்தில் ஒரு மூட்டை கவிழ்ந்ததில்லை.

"ஏத்தவும் எறக்கவும் சொல்றதுக்கு ஒரே ஆளு. ஆனா நிறுத்தச் சொல்றதுக்கு ஆருக்கு வேணும்னாலும் பாத்யத கீது, பூவு. குப்ப வார்றவ சொன்னாலும் நிறுத்தியே ஆவணும். அதான் ஆர்பர் சட்டம்" என்று சாப்பிடும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வான். அதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அன்றைக்குத் தோல் கட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கப்பல் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். இறங்கிக்கொண்டிருந்த கட்டுகளுக்கு அடியில் கயிறு சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க, கப்பலின் வயிற்றுக்குள் வேலை செய்த மஜீது குனிந்தான். கோதண்டம் பார்த்தான். மூன்று துண்டு ஊதினான். ஆனாலும் கட்டுகள் இறங்கின. இருபத்தாறு வயது மஜீது அப்படியே அதன் அடியில் போனான்.

"நீளமா ஒன்னுதான் கேட்டுச்சு" என்றான் கருணாகரன். எட்டு வருஷம் கோதண்டம் வீட்டுச் சோற்றைத் தின்ற கருணாகரன்! "அது பொம்ம விசிலுங்க. எந்திரச் சத்தத்துல ஒன்னு இன்னா, மூணு இன்னா?" என்றான் பொன்னுரங்கம். சரக்கு ஏற்றும் கம்பெனிக்கு அந்தப் பதில் மிகவும் சௌகரியமாக இருந்தது. எழுதிக்கொண்டார்கள்.

பூவம்மா முதலில் போனது மஜீதின் வீட்டுக்கு. கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. என்னத்தை எடுத்துப் போவது? வாசலில் மஜீதின் தாய் ஜெரினா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்தே? எம் புள்ளையத் துன்னது பத்தலியா? இன்னும் இன்னா கீது இந்த வூட்ல?"

"அம்மா, எம் புருசன் நிறுத்தத்தான் ஊதுனாரு. சத்தியமா..."

"வாய மூடு! கொலகாரன் பொண்டாட்டி!"

உள்ளே திரைக்குப் பின்னால் மஜீதின் மனைவி ரஹீமுன்னிசா இருந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போய் நாலு பேரைக் கேட்கவோ, சண்டை போடவோ அவளால் முடியாது. அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. அழுத குரல் இல்லை. பற்றி எரிகிற குரல்.

"அவுரு இன்னா ஊதுனாருன்னு நீ கேட்டியா?"

"இல்ல."

"நானும் கேக்கல. கேட்டவங்க ஒன்னுதான்னு சொல்றாங்க. மூணுன்னு காட்டிட்டு அப்பறமா இந்த வாசப்படி மிதி. அதுவரிக்கும் வராத."

கதவு சாத்தப்பட்டது. பூவம்மா தெருவிலேயே நின்றாள். எவ்வளவு நியாயமான வார்த்தை! அந்த நியாயம்தான் அவளை அதிகமாகச் சுட்டது.

அதற்குப் பிறகு அவள் மீனை யாரும் வாங்கவில்லை. வாடிக்கையாக வாங்கும் வீடுகளில் கதவு திறக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு அம்மாள், வாங்கிய சங்கரா மீனைத் திரும்பக் கூடையில் எறிந்தாள். "இதுல ரத்த வாடை அடிக்குது" என்றாள். மீனில் ரத்த வாடை அடிக்காமல் மல்லிகை வாடையா அடிக்கும்? பூவம்மா அந்த மீனை எடுத்து அவள் வாசலிலேயே வீசிவிட்டு நடந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, கோதண்டத்தின் வாய்ப் புண் ஆறிய சமயத்தில், இங்கிலீஷில் ஒரு கடிதாசு வந்தது. பதினெட்டு நாள் கழித்துச் சர்க்கார் அதிகாரி ஒருவர், அன்றைக்குத் திரும்பி வரும் அதே கப்பலிலேயே விசாரணை நடத்துவாராம். சைகைக்காரன் கோதண்டம், சம்பவத்தன்று ஊதியபடியே அதிகாரியின் முன் ஊதிக் காட்ட வேண்டுமாம். தவறினால் குற்றம் அவன்மீது உறுதியாகுமாம். பிறகு போலீஸ் பார்த்துக்கொள்ளுமாம்.

படித்துச் சொன்ன தபால்காரரே தலையைக் குனிந்துகொண்டார். பல்லில்லாத, நாக்கு நுனியில்லாத மனிதனை ஊதிக் காட்டச் சொல்கிறார்கள்! வாயை உடைத்தவர்களுக்கு, அந்த வாயால் ஊத முடியாது என்பது தெரியாதா?

கோதண்டம் கரித்துண்டை எடுத்துச் சுவரில் இரண்டே எழுத்து எழுதினான். விடு.

பூவம்மாவுக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த சொம்பைச் சுவரில் அந்த எழுத்தின்மீதே எறிந்தாள்.

"உடறதா? இன்னாத்த உட்றது? நீ உட்டுடுவே. ஜெயில்ல போயி குந்திக்குவே. நானு? சாவற வரிக்கும் கொலகாரன் பொண்டாட்டின்னு கூடயத் தூக்கணுமா? யோவ், நீ மூணு ஊதுனியா இல்லியா? மூஞ்சப் பாத்துச் சொல்லுய்யா!"

கோதண்டம் மூன்று விரலைக் காட்டினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அப்ப அத நானு ஊதறேன். கத்துக் குடு."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த குழல் அப்படியே இருந்தது. வாய்ப்பக்கம் செருகிய மரக்கட்டையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தகரத்தில் குத்து விழுந்த இடம் நசுங்கியிருந்தது. வெந்நீரில் கழுவி, வாயில் வைத்து, இத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்து ஊதினாள். காக்கையைக் கழுத்தைப் பிடித்து நெரித்தது போல ஒரு சத்தம் கிளம்பியது. பக்கத்துக் குடித்தனக்காரி கோவிந்தம்மா தலையை நீட்டினாள்.

"இன்னாடி பூவு, ரயிலு எத்தினி மணிக்குக் கெளம்புது?"

"நீ ஏறிக்கினா இப்பவே கெளம்பிரும். எடம்தான் பத்தாது!"

"வாயிக்கொன்னும் கொறச்சலில்ல. பொம்பள விசிலடிச்சா வூடு வெளங்குமாடி?"

"விசிலடிக்கறதுக்கு மின்னாடியே வெளங்காமப் போச்சு. போயி ஒன் வேலயப் பாரு!"

வீட்டில் ஊதுவது சரிப்படாது என்று மறுநாளிலிருந்து திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் போனார்கள். காலையில் எண்ணூர்ப் பக்கம் கூடையைத் தூக்கி, தெரியாத தெருக்களில் விற்று முடித்து, மத்தியானம் அவள் வந்து சேருவாள். கோதண்டம் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் காத்திருப்பான். அலைச் சத்தம் இருந்தது. வின்ச்சின் சத்தத்துக்கு அது ஈடு.

கற்றுக்கொடுக்கும் விதம் இதுதான். நூறடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கோதண்டம் நிற்பான். அவள் ஊத வேண்டும். அவனுக்கு ஒன்றாகக் கேட்டால் ஒரு விரலைத் தூக்குவான். மூன்றாகக் கேட்டால் மூன்று விரல். பூவம்மா கன்னம் வீங்க ஊதினாள். ஒரு விரல். மறுபடியும் ஒரு விரல். நாலு நாள் அந்த ஒற்றை விரலைத் தவிர வேறொன்றும் எழும்பவில்லை.

அவள் செய்த தப்பு மீன்காரியின் தப்பு. கூவிக் கூவிப் பழகிய தொண்டை, ஒவ்வொரு சத்தத்தையும் அடியிலிருந்து தள்ளிக் கிளப்பியது. "ஹோ... ஹோ... ஹோ" என்று காற்றுதான் ஏறி இறங்கியது. எங்கேயும் வெட்டு விழவில்லை. கோபம் வந்து இன்னும் அழுத்தி ஊதினால் சுரம் தாவி மேலே ஏறிக்கொண்டு கிறீச்சிட்டது. போதாக்குறைக்கு வாயில் வெற்றிலையும் புகையிலையும். நாக்கு தடித்து, மரத்து, அசைய மறுத்தது.

ஐந்தாம் நாள் கோதண்டம் அவளைத் தெருக்குழாய்க்கு இழுத்துப் போனான். மத்தியான வேளை, நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தன் விரல் நுனியால் அந்த நூலைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் கீழே குடத்தில் விழுந்த சத்தம் மட்டும் துண்டு துண்டாக வந்தது. பிறகு அந்த விரலாலேயே அவள் மேல்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொட்டுக் காட்டினான். அங்கே நாக்கின் நுனி தொட வேண்டும். து, து, து. அந்த எழுத்தைச் சொல்லிக் காட்ட அவனால் முடியவில்லை. "உ... உ..." என்றுதான் வந்தது. அதைக் கேட்ட பூவம்மா அன்றைக்கே இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்துக் கடலில் வீசினாள்.

அப்படியும் ஒரு விரல்தான்! நாக்கு தொட்டபோது காற்றை நிறுத்தினாள். காற்றை விட்டபோது நாக்கை மறந்தாள். "யோவ், நல்லாக் கேளுய்யா! காதும் போச்சா ஒனக்கு?" என்று நூறடிக்கு அப்பாலிருந்து கத்தினாள். அவன் முதுகைக் காட்டியபடியே, அசையாமல், அந்த ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பொய்யாக மூன்று விரலைத் தூக்கி மனைவியைச் சமாதானப்படுத்தும் மனிதன் இல்லை அவன். ஒன்றை மூன்று என்று அவன் என்றைக்குமே சொன்னதில்லை. மூன்றை ஒன்று என்று சொன்னவர்கள்தான் வெளியே சம்பளம் வாங்கிக்கொண்டு திரிந்தார்கள்.

பதினோராம் நாள் எண்ணூரில் ஒரு வீட்டு வாசலில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகும் வழியில் மீனைக் கயிற்றில் கோத்துத் தங்கை வீட்டில் கொடுக்க வேண்டுமாம். "துண்டு போடு, ஆனா தனித்தனியா உதிரக் கூடாது" என்றார். இது அவளுக்குப் புதிதல்ல. அரிவாள்மணையில் மீனைக் கொடுத்து, அடித்தோலை மட்டும் விட்டுவிட்டு வெட்டினாள். துண்டு விழுந்திருந்தது. மீன் முழுசாகவும் இருந்தது.

பூவம்மாவின் கை அப்படியே நின்றது. வாய்க்குள் நாக்கு அசைந்தது. அடித்தோல்தான் காற்று. அதை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்ட வேண்டும்.

"இன்னாம்மா, வாயில இன்னா மெல்றே? எம் மீனா?" என்றார் வீட்டுக்காரர்.

"மெல்லலிங்க. வெட்டறேன்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காசு வாங்க மறந்துவிட்டாள்.

அன்று கடற்கரையில் முதுகைக் காட்டி நின்ற கோதண்டத்தின் கை மெதுவாக எழும்பியது. ஒரு விரல். இரண்டு. அப்புறம் மூன்றாவது விரலும் நிமிர்ந்தது. அவன் திரும்பவில்லை. தோள்கள் குலுங்கின. பூவம்மா அழவில்லை. "இன்னொரு தபா" என்றாள். பிறகு அன்றைக்கு நாற்பது தடவை ஊதினாள். முப்பத்தொன்று மூன்றாகக் கேட்டது. விசாரணைக்கு முந்தின நாள் நாற்பதும் மூன்றாகவே கேட்டது.

விசாரணை நாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாகக் கப்பலின் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனி மானேஜர். பொன்னுரங்கம் சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல நின்றான். கருணாகரன் தலையைத் தூக்கவே இல்லை.

"இந்த அம்மா யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"எம் புருசன் பேச மாட்டாரு சார். அவரு வாயி நானுதான்."

"சரி. அன்னிக்கு ஊதின மாதிரி ஊதிக் காட்டச் சொல்லு."

கோதண்டம் குழலை வாங்கி உதட்டில் வைத்தான். பல் இருந்த இடத்தின் வழியாகக் காற்று புஸ்ஸென்று ஒழுகியது. எச்சில் வழிந்தது. மெலிதாக, நீளமாக, நடுங்கிக்கொண்டு ஒரே ஒரு சத்தம் வந்தது. ஒன்று!

பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா சார்? இதான் அன்னிக்கும் வந்துச்சு. பொம்ம விசில நம்பி ஒரு உசுரு போச்சு."

"அடப் பாவி! ஒடச்சதே நீதானேடா அந்த வாய!" என்று பூவம்மா பாய்ந்தாள். அதிகாரி கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாதே. அதுக்கு வேற புகார் கொடு."

"சார், நானு ஊதறேன். அவரு ஊதுனது எப்டின்னு நானு ஊதிக் காட்டறேன். கத்துகினு வந்துகிறேன்."

"நீ ஊதறது சாட்சியாகாதும்மா. நீ இங்க வேலை பாக்கறவ இல்லே." அவர் கெட்டவர் இல்லை. ஆனால் காகிதத்தில் அதற்கு இடம் இல்லை. பேனாவை மூடினார். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "வேலை நடக்கட்டும்" என்றார்.

வின்ச் உறுமத் தொடங்கியது. கருணாகரன் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். அவன் முதுகுதான் தெரிந்தது. கரையிலிருந்து ஒரு கட்டு சாக்குமூட்டை எழும்பி, ஆடிக்கொண்டே வந்து, திறப்புக்கு நேராக நின்றது. கீழே ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். புதிதாக வந்த சைகைக்காரன் "ஆரியா..." என்று கத்தினான். மூட்டைகள் இறங்கத் தொடங்கின.

பூவம்மா கோதண்டத்தின் கையிலிருந்து குழலைப் பிடுங்கினாள். திறப்பின் விளிம்புக்குப் போய், எட்டு வருஷம் அவன் நின்ற இடத்தில் நின்றாள். உடம்பெல்லாம் ஆத்திரத்தில் நடுங்கியது. இந்த ஆத்திரத்தோடு ஊதினால் சுரம் தாவிவிடும். கிறீச்சிட்டு ஒன்றாகிவிடும். ஒரே ஒரு தடவைதான் விடுவார்கள். பிறகு பிடித்துத் தள்ளிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தாள். கோதண்டம் கடற்கரையில் நிற்பது போலவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வலது கை பாதி உயர்ந்து, விரல்கள் மூடியிருந்தன. அவன் கேட்கத் தயாராக இருந்தான்.

பூவம்மா மூச்சை வயிற்றிலேயே பிடித்தாள். அடித்தோலை விட்டு வெட்டினாள்.

து. து. து.

வின்ச் நின்றது!

கருணாகரன் யோசிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு வருஷம் பழகிய கை, கேட்ட மாத்திரத்தில் கைப்பிடியைத் திருப்பிவிட்டது. மூட்டைகள் திறப்பின் நடுவே தொங்கி ஆடின. புதுச் சைகைக்காரன் வாயைப் பிளந்து, "நானு ஒன்னும் சொல்லலியே!" என்றான். கோதண்டத்தின் மூன்று விரலும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.

அப்போதுதான் பொன்னுரங்கம் தன் குழியைத் தானே தோண்டினான். வேலை நின்றால் அவனுக்குப் பொறுக்காது. அது அவன் குணம். யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறந்து கத்தினான். "இன்னாடா நிறுத்திக்கினு கீறே? ஆரியா! ஆரியா போடுறா சோமாறி!"

கருணாகரன் திரும்பினான். முகம் வெளிறிப் போயிருந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அன்னிக்கும் இப்டித்தான் சொன்ன, மேஸ்திரி."

"டேய்!"

"மூணு கேட்டுச்சு சார்." அவன் அதிகாரியைப் பார்த்துப் பேசினான். "நல்லாக் கேட்டுச்சு. நிறுத்திட்டேன். இவுரு ஆரியா, ஆரியான்னு கத்துனாரு. எறக்கிட்டேன். வேல பூடும்னு சொன்னாரு. அதான் ஒன்னுன்னு சொல்லிட்டேன் சார்."

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார். "நீ இப்போ கத்தினதை நானே கேட்டேன்" என்றார் பொன்னுரங்கத்திடம். எழுதத் தொடங்கினார். மானேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

கருணாகரன் ஓடி வந்து கோதண்டத்தின் காலைப் பிடித்தான். "மன்னிச்சிக்கோ தோஸ்து!" என்று அழுதான். கோதண்டத்தின் கை அவன் தலையைத் தொடப் போனது. பூவம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எழுந்திருடா! எங்கூட்ல எத்தினி நாளு எங்கையால துன்னே? ஒன்னர மாசம் இந்த மனுசன் வாயி தொறக்க முடியாம கஞ்சியக் குழாயில ஊத்திக்கினு கெடந்தாரு. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தியா? மன்னிக்கறதுக்கு நாங்க ஆரு? செத்தவன் பொண்டாட்டி உள்ள குந்திகினு கீறா. அவளக் கேளு!"

கோதண்டத்தின் பெயர் அன்றைக்கே சுத்தமாகிவிட்டது. பொன்னுரங்கத்தைப் போலீஸ் அழைத்துப் போனது. கம்பெனி ஒரு கடிதாசு அனுப்பியது. நடந்ததற்கு வருந்துகிறார்களாம். அவ்வளவுதான். ஒரு வரி! அந்த ஒரு வரியைக் கோவிந்தம்மா குடித்தனம் குடித்தனமாகப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தாள். பூவம்மா மகிழவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வாசற்படி பாக்கி இருந்தது.

மறுநாள் காலை மஜீதின் வீட்டில் ஜெரினா கதவைத் திறந்தாள். விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஒதுங்கி வழிவிட்டாள். பூவம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரஹீமுன்னிசாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது. வளையல் இல்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பூவக்கா, ஊது. நா கேக்கணும்."

பூவம்மா ஊதினாள். து, து, து. சின்ன அறைக்குள் அது மிகவும் மெதுவாகக் கேட்டது.

"இன்னொரு தபா."

ஊதினாள்.

"இது அவுரு காதுல விழுந்திருக்குமா?"

பொய் சொல்லலாம். பூவம்மாவுக்கு அது வரவில்லை. "விழுந்துச்சும்மா. நிமுந்து பாத்தாராம். எம் புருசன் எழுதிக் காட்டுனாரு. சத்தம் கேட்டதும் நிமுந்து பாத்துட்டு, மறுபடி கயித்த இழுக்கக் குனிஞ்சிட்டாராம்."

ரஹீமுன்னிசா சொன்னாள். "அப்ப, நிறுத்திட்டாங்கன்னு நம்பிக்கினுதான் குனிஞ்சிகிறாரு."

வாசலில் ஜெரினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பூவம்மாவுக்கு அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. ஆனால் ரஹீமுன்னிசா அழவில்லை. கையை நீட்டிக் குழலை வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். நசுங்கிய இடத்தில் விரல் நின்றது.

"இது இன்னாக்கா, குழிஞ்சிகிது?"

"மேஸ்திரி குத்துன எடம். கன்னான் கிட்ட குடுத்து நேராக்கணும்."

"வேணாம்." குழலைப் பூவம்மாவின் கையில் திருப்பி வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கினாள். "எனக்கு இத்தா முடிய இன்னும் ரெண்டு மாசம் கீது. முடிஞ்ச அன்னிக்கு வந்து என்னெ கோர்ட்டுக்கு இட்டுகினு போ. அது வரிக்கும் இத நேராக்காத. ஜட்ஜு பாக்கட்டும்."